87,000 கிலோமீற்றர் ஓடிய பைக்கை வாங்கலாமா? எங்கள் தம்பி ஒருவருக்கும் உங்களுக்கும்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. பைக் வாங்க யோசிப்பவர்கள், பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க யோசிக்கும் தாய் தகப்பன்மார், புதிதாக நியமனம் கிடைத்து மலையேறப் போகும் தம்பிமார் தங்கச்சிமார் பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் எட்டியாந்தோட்டைப் பக்கத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் சில ஆசிரியர்கள். பத்தனையிலும் அட்டாளைச்சேனையிலும் கல்வியியற் கல்லூரி முடித்து வந்தவர்கள். முஸ்லிம்களும் இருக்கிறோம், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழ் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஒரே பாதையில் ஏறி இறங்குகிறோம். பைக் பற்றிய பேச்சு எங்கள் ஸ்டாஃப் ரூமில் தேநீரோடு வருவது. ஆனால் இந்த மாதம் ஒரு பைக்கின் பேச்சு ஒரு குடும்பத்தின் பேச்சாகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறோம். சம்பந்தப்பட்ட தம்பியிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம். பெயர் வேண்டாம்.

விஷயம் இதுதான். எங்களோடு படிப்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர். வீட்டிலிருந்து பாடசாலைக்கு 17 கிலோமீற்றர். அதில் கடைசி 7 கிலோமீற்றர் தோட்டப் பாதை. பஸ் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் மழை பெய்தால் பாதி வழியில் திரும்பிவிடும். காலை 7.30க்குப் பாடசாலை. இவ்வளவு நாளும் எங்களில் ஒருவரின் பின்சீட்டில் வந்துகொண்டிருந்தார். இப்போது சொந்தமாக ஒன்று வேண்டும்.

அவர் முன்னால் இரண்டு வழி.

முதலாவது, புதிய பைக். விலை சுமார் 6 இலட்சம். அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்வுபெற்றவர். அவருக்கு வந்த ஈ.பி.எஃப் பணத்தில் 250,000 ரூபாவை முற்பணமாகக் கட்டி, மிச்சத்தை லீசிங் எடுப்பது. அம்மாவே முன்வந்து சொன்ன யோசனை.

இரண்டாவது, ஓய்வுபெற்ற அரச ஊழியர் ஒருவரின் 100 சீசீ பைக். 2011இல் புதிதாக எடுத்தது. முதல் உரிமையாளர் அவரே. மீற்றரில் 87,000 கிலோமீற்றர். கேட்கும் விலை 280,000. முழங்கால் வலியால் ஓட்ட முடியாமல் விற்கிறார்.

தம்பி எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: "சேர், எண்பத்தேழாயிரம் ஓடின பைக்கை யாராவது வாங்குவாங்களா?"

எங்கள் பதில்: வாங்குவார்கள். இந்தப் பைக்கை வாங்கலாம். ஏன் என்று சொல்கிறோம்.

*மீற்றர் பெரிய இலக்கம் காட்டினால் பயப்பட வேண்டுமா?*

முதலில் கணக்கு. 87,000ஐ 14 வருடத்தால் வகுத்தால் வருடத்துக்கு 6,200 சொச்சம். ஒரு நாளைக்கு 17 கிலோமீற்றர். வீட்டிலிருந்து கந்தோருக்குப் போய் வருகிற மனிதனின் ஓட்டம் அது. அதில் பொய் தெரியவில்லை.

இப்போது அடுத்த பக்கம் பாருங்கள். இதே வயதுப் பைக் ஒன்று, மீற்றரில் 21,000 காட்டினால் பலரும் சந்தோஷப்பட்டு வாங்குகிறார்கள். நாங்கள் அங்கேதான் சந்தேகப்படுவோம். பழைய பைக்குகளில் மீற்றர் ஓடுவது முன்சில்லிலிருந்து வரும் ஒரு கேபிளால். அந்தக் கேபிள் அறுந்தால் மீற்றர் நின்றுவிடும், பைக் ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்து இலக்க மீற்றராக இருந்தால் 99,999க்குப் பிறகு பூச்சியத்தில் தொடங்கும். பின்னால் திருப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே சின்ன இலக்கம் என்பது சில நேரம் குறைந்த ஓட்டம், சில நேரம் அறுந்த கேபிள். பெரிய இலக்கத்தை மறைக்காமல் காட்டுகிற உரிமையாளர் குறைந்தபட்சம் அந்த ஒரு விஷயத்தில் உண்மை சொல்கிறார்.

இந்தச் சின்ன என்ஜின்களின் குணத்தையும் யோசியுங்கள். ஒரே சிலிண்டர், காற்றிலேயே குளிர்வது, கார்பரேட்டர். கழற்றிப் பூட்டச் சிக்கல் இல்லாத அமைப்பு. உலகம் முழுவதும் சின்ன என்ஜின் பைக்குகள் நிலைத்ததற்குக் காரணம் இதுதான். ஹொண்டா நிறுவனத்தின் சுப்பர் கப் வகை 1958இல் தொடங்கி 2017இல் பத்துக் கோடியைத் தாண்டியது. ஜப்பானில் தபால்காரர்கள் ஓட்டிக் கழித்த எம்.டி. 90 நம் நாட்டுக்கு வந்து இன்றும் மலைப்பாதையில் ஓடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அவற்றின் மீற்றர் எத்தனை தரம் சுற்றியது என்று யாரும் கேட்பதில்லை. ரிங் தேய்ந்தால் ரிங் மாற்றுகிறார்கள், சிலிண்டர் தேய்ந்தால் போர் அடிக்கிறார்கள், திரும்ப ஓடுகிறது.

ஒரு பைக்கைக் கொல்வது பெரும்பாலும் தூரம் இல்லை. ஒயில் மாற்றாமல் ஓட்டுவது, காற்று வடிகட்டியைத் துப்புரவாக்காமல் விடுவது, செயினைக் காயவிடுவது, கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டே ஏற்றம் ஏறுவது, மழையில் நனைந்ததை அப்படியே நிறுத்தி வைப்பது. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. எங்கள் பக்கமும் அதற்குப் பெரிதாகக் குறைந்ததில்லை. இங்கே கவனிப்பில்லாமல் நிறுத்தி வைத்த 20,000 கிலோமீற்றர் பைக்கை விட, கவனித்து ஓட்டிய 87,000 நல்லது.

*இரண்டு சீ.ஆர். பார்த்தோம்*

அந்த ஐயாவின் வீட்டுக்குப் போனபோது அவர் இரண்டு சீ.ஆர். எடுத்து வந்தார். ஒன்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் கொடுத்த பதிவுச் சான்றிதழ். மற்றது புத்தகக் கடையில் வாங்கும் சீ.ஆர். கொப்பி. அதில் 2011இலிருந்து ஒவ்வொரு ஒயில் மாற்றமும் எழுதியிருக்கிறது. திகதி, மீற்றர் இலக்கம், செலவு. டயர் எப்போது, செயின் கிட் எப்போது, கிளட்ச் தட்டுகள் எப்போது, பற்றரி எப்போது. 61,000த்தில் பிஸ்டன் ரிங் மாற்றியதும் இருக்கிறது. சிங்களத்தில் எழுதியது. எங்களில் இரண்டு பேருக்கு நன்றாக வாசிக்கத் தெரியும், மற்றவர்களுக்கு வாசித்துச் சொன்னோம்.

நாங்கள் கொப்பி திருத்துகிறவர்கள். ஒரே நாளில் உட்கார்ந்து எழுதிய கொப்பி எப்படி இருக்கும், நாளாந்தம் எழுதிய கொப்பி எப்படி இருக்கும் என்று பார்த்தவுடன் தெரியும். அது நாளாந்தம் எழுதியது. பேனை மாறியிருக்கிறது, எழுத்து வயதோடு நடுங்கியிருக்கிறது, 2022இன் பக்கங்கள் இடைவெளிவிட்டுக் கிடக்கின்றன.

2022 எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜூன் கடைசியில் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபா. ஜூலையில் கியூஆர் வந்தது. ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். மலையிலும் லீற்றருக்கு 50 கிலோமீற்றர் தரும் 100 சீசீக்கு 4 லீற்றரில் 200 கிலோமீற்றர் ஓடலாம். தம்பியின் பாதைக்கு ஐந்து நாள் போய் வர 170. லீற்றருக்கு 35 மட்டும் தரும் பைக்காக இருந்தால் 140இல் நின்றிருக்கும், வியாழன் பின்னேரத்திலேயே தாங்கி காய்ந்திருக்கும். அப்படியொரு காலம் திரும்ப வரக்கூடாது என்று துஆச் செய்வோம். ஆனால் பைக் எடுக்கும்போது அதை மறக்க வேண்டாம்.

*புதியது என்றால் என்ன விலை?*

லீசிங் நிறுவனம் ஒன்று எழுதிக் கொடுத்த தாளைத் தம்பி கொண்டு வந்தார். 350,000 கடன். மாதம் 12,000. 48 மாதம். பெருக்கிப் பார்த்தால் 576,000. முற்பணம் 250,000ஐச் சேர்த்தால் 826,000. 6 இலட்சம் பைக், 826,000 ரூபா. கடன் முடியும்வரை முழுக் காப்புறுதியும் போட வேண்டும், அது வேறு.

பழையது: 280,000 கேட்கிறார், பேசிப் பார்க்கலாம். எங்களுக்குத் தெரிந்த கராஜ் பாஸ் பார்த்துவிட்டு இரண்டு டயர், செயின் கிட், பிரேக் ஷூ, கோன் செட், பற்றரி என்று 45,000க்குள் முடியும் என்றார். மொத்தம் 325,000. தம்பியிடம் ஸ்டாஃப் ரூம் சீட்டில் விழுந்த 200,000 இருக்கிறது. சேமிப்பு 130,000 இருக்கிறது. அதாவது யாரிடமும் ஒரு சதம் வாங்காமல் வீட்டுக்குக் கொண்டு வரலாம். அம்மாவின் பணம் அம்மாவிடமே இருக்கும்.

நான்கு வருடம் கழித்து விற்றால் புதியதற்கு அதிகம் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். கிடைக்கும். 826,000 போட்டதில் பாதி வரலாம். 325,000 போட்டதிலும் நல்ல பங்கு வரும், ஏனென்றால் அதன் விலை விழவேண்டிய அளவு ஏற்கனவே விழுந்துவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில் திரும்பத் திறக்கும் வரை பழைய பைக்குகளின் விலை ஏறியதை எல்லோரும் பார்த்தோம். அந்த ஏற்றத்தை நம்பி யாரும் வாங்க வேண்டாம், இறக்குமதி திறந்துவிட்டது. பழைய பைக் நாளைக்கு ஏறும் என்பது எங்கள் வாதம் இல்லை. இறங்கினாலும் இழப்பது கொஞ்சம் என்பதுதான் வாதம்.

பராமரிப்புச் செலவு கூடும் என்பதும் உண்மை. பழைய பைக் எடுத்தவர் மாதம் 3,000 ரூபாவைத் தனியாக ஒரு டின்னில் போட வேண்டும். கட்டாயம் போட வேண்டும். வருடத்துக்கு 36,000. அந்தப் பணத்தைத் தொடக்கூடாது, அது பைக்கின் பணம். 12,000 தவணை இல்லாத மாதத்தில் 3,000 ஒதுக்குவது கஷ்டமில்லை. 12,000 கட்டிக்கொண்டு புதிய பைக்குக்கு ஒயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம். அப்படித்தான் நல்ல பைக்குகள் மூன்று வருடத்தில் பழைய பைக் ஆகின்றன.

முஸ்லிம் சகோதரர்களுக்கு வட்டியைப் பற்றி நாங்கள் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. வட்டியில்லாத இஜாரா, முராபஹா வழிகள் இருக்கின்றன, விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்தப் பெயரில் இருந்தாலும் 48 மாதத் தவணை 48 மாதத் தவணைதான். இடமாற்றம் வந்தாலும், வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தாலும், சம்பளம் தாமதித்தாலும் அது அந்தத் திகதியில் வந்து நிற்கும். தவணை தவறினால் பைக்கைத் தூக்கிக்கொண்டு போவதை நம் டவுனில் பார்க்காதவர் இல்லை.

*அம்மா சொன்னது*

இந்தக் கணக்கையெல்லாம் தம்பி வீட்டில் சொன்னபோது அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "பழச வாங்கி ரோட்டுல தள்ளிக்கிட்டு வரவா நான் ஒன்ன வாத்தியாராக்குனேன்?"

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போக எங்களால் முடியவில்லை. அந்தத் தாய் இத்தனை வருடம் கொழுந்துக் கூடையோடு நடந்த அதே பாதை. மகன் அதே பாதையில் புதிய பைக்கில் வருவதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை. லயத்தில் வளர்ந்த பிள்ளை ஆசிரியரானால் அது ஒரு வீட்டின் சந்தோஷம் மட்டுமில்லை, லயத்துக்கே சந்தோஷம். அந்த ஆசையில் தவறே இல்லை.

ஆனாலும் அம்மாவுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்று இருக்கிறது. இதையும் தம்பி வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அம்மா, உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8, தோட்டத்தின் பங்கு நூற்றுக்கு 12, இரண்டும் சேர்ந்ததுதான் ஈ.பி.எஃப். நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனதே 2021இல்தான். அந்த 1,000 ரூபாச் சம்பளத்தில் ஒரு நாளைக்கு உங்கள் பெயரில் விழுந்தது 200 ரூபா. வருடாவருடம் கூடிய தொகையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 250,000 சேர 1,250 நாள் வேண்டும். 1,250 நாள் மலையேறி, அட்டைக் கடியோடு, மழையில் எடுத்த கொழுந்து அது. அதற்கு முந்திய சின்னச் சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் இன்னும் எத்தனையோ நாள். அந்தப் பணம் உங்கள் கண் ஒப்பரேஷனுக்கு, உங்கள் கூரைத் தகரத்துக்கு, உங்கள் மருந்துக்கு. பைக்கின் முற்பணமாகப் போனால் இரண்டு வருடத்தில் அதில் பாதி பெற்றோல் புகைபோல இருக்காது.

உங்கள் மகன் இப்போதே வாத்தியார்தான். அவர் எந்தப் பைக்கில் வந்தாலும் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார்கள்.

*பார்க்காமல் வாங்க வேண்டாம்*

இந்தப் பதிவை வாசித்துவிட்டு "பழையது நல்லது" என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு போய்விடக்கூடாது. நாங்கள் சொல்வது கவனித்து வைத்த பழையதை. அப்படியானதா என்று பார்க்கும் முறை இது. எங்கள் பாதைக்கு ஏற்றபடி எழுதுகிறோம்.

1. காலையில் போங்கள், என்ஜின் ஆறியிருக்கும்போது. "வருகிறோம்" என்று சொன்னவுடன் ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் கேள்வி கேளுங்கள். கையால் தொட்டுப் பாருங்கள். ஆறிய என்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதில் பாதிக் கதை இருக்கிறது.

2. சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. ரிங், வால்வ் வேலை இருக்கிறது. அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை, அந்தச் செலவை விலையில் குறைக்க வேண்டும்.

3. சமதரையில் ஓட்டிப் பார்ப்பது போதாது. ஏற்றத்தில் மூன்றாம் கியரில் விட்டு முறுக்குங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கின்றன. இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள்.

4. ஹேண்டிலை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால் கோன் செட் போயிருக்கிறது. பின்சில்லைப் பிடித்து அசையுங்கள். ஆடினால் புஷ் அல்லது பெயாரிங்.

5. செஸியைக் குனிந்து பாருங்கள். ஃபுட்ரெஸ்ட் பக்கம், சீட்டுக்குக் கீழே, பின்கரம் சேரும் இடம். வெல்டிங் அடித்து மேலே பெயின்ட் பூசியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். என்ஜினை மாற்றலாம். உடைந்த செஸியோடு மலைப்பாதையில் இறங்கக்கூடாது.

6. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019ஆம் வருடத்தின் 32ஆவது வாரத்தில் செய்தது. பூ நன்றாகத் தெரிந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும். றப்பர் தோட்டத்துக்குள் வாழும் நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

7. வெள்ளத்தில் மூழ்கியதா என்று பாருங்கள். 2017 மே வெள்ளம், 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் என்று நம் மாகாணத்தில் எத்தனை வாகனங்கள் சேற்றில் கிடந்தன. மீற்றர் கண்ணாடிக்குள் நீர்க்கோடு, ஹெட்லைட்டுக்குள் சேற்றுத்தூசி, வயர் சொக்கெட்டில் பச்சைத் துரு, சீட்டுக்குக் கீழே காய்ந்த மண். கழுவிப் பளபளப்பாக்கலாம், இந்த இடங்களைக் கழுவ மறப்பார்கள். மூழ்கியது என்று சொல்லி விற்பவரிடம் பேசலாம். மறைத்து விற்பவரிடம் தேநீர் கூடக் குடிக்க வேண்டாம்.

8. புத்தகம். செஸி இலக்கமும் என்ஜின் இலக்கமும் சான்றிதழில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதமும் பெயர் நீக்கமும் இல்லாமல் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம். வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, காப்புறுதி மூன்றும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும்.

9. "ஓப்பன் பேப்பர்" வேண்டவே வேண்டாம். முதல் ஆள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிவம் நான்கு கை மாறி உங்களிடம் வரும். விபத்தோ குற்றமோ நடந்தால் பொலிஸ் தேடுவது புத்தகத்தில் பெயர் இருப்பவரை. அந்த மனிதர் இறந்துபோனாலோ வெளிநாடு போனாலோ பைக்கை உங்கள் பெயருக்கு மாற்றப் படும் பாடு கொஞ்சமல்ல. சட்டம் 14 நாட்களுக்குள் உரிமை மாற்றத்தை அறிவிக்கச் சொல்கிறது. விற்பவரும் இதைக் கேட்க வேண்டும். அது அவருக்கும் பாதுகாப்பு.

10. நம்பிக்கையான பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குப் பெற்றோல் காசும் ஒரு நாள் கூலியும் கொடுங்கள். சும்மா கூட்டிக்கொண்டு போனால் சும்மா பார்ப்பார்.

*எங்கே நாங்கள் "வேண்டாம்" என்று சொல்வோம்*

கொப்பியும் இல்லை, சேவிஸ் செய்த கராஜும் தெரியாது, மூன்று நான்கு கை மாறியது, ஆனால் பெயின்ட் மட்டும் புதிது: வேண்டாம். உதிரிப்பாகம் கொழும்பில் மட்டும் கிடைக்கும் அபூர்வமான மாடல்: பார்க்க அழகு, மலையில் நின்றால் அழுகை. அவிசாவளையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் எந்தக் கடையிலும் பிளக், கேபிள், பிரேக் ஷூ கிடைக்கும் மாடலாக இருக்க வேண்டும்.

நாளைக்கு 80, 100 கிலோமீற்றர் ஓடிப் பிழைப்பு நடத்துகிறவருக்கும் நாங்கள் இதே பதிலைச் சொல்ல மாட்டோம். அவருக்கு ஒரு நாள் பைக் நின்றால் ஒரு நாள் வருமானம் போகும். அவர் புதியது எடுப்பதில் நியாயம் இருக்கிறது. எங்கள் தம்பிக்கு ஒரு நாள் நின்றால் பழையபடி எங்கள் பின்சீட் இருக்கிறது.

ஸ்கூட்டர் தேடும் ஆசிரியைகளுக்கு ஒரு வார்த்தை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் பெல்ட்டும் ரோலரும் இருக்கின்றன. ஏற்றத்தில் சீக்கிரம் தேயும். இறக்கத்தில் கியரைக் குறைத்து என்ஜினால் வேகத்தைப் பிடிக்கும் வசதியும் அதில் குறைவு, எல்லாப் பாரமும் பிரேக்கில் விழும். அதிகம் ஓடிய ஸ்கூட்டரை எடுப்பதென்றால் பெல்ட் எப்போது மாற்றியது என்பதை முதலில் கேளுங்கள், பிரேக்கை முதலில் மாற்றுங்கள்.

பழைய பைக்கில் மிச்சப்படுத்திய பணத்தில் நல்ல ஹெல்மட் ஒன்று வாங்குங்கள். பின்சீட்டில் வருபவருக்கும் ஒன்று. தாடைப்பட்டி இல்லாத, பொலிஸைக் கண்டால் மட்டும் தலையில் ஏறும் ஹெல்மட் வேண்டாம். பைக் பழையதாக இருக்கலாம், ஹெல்மட்டும் டயரும் பிரேக்கும் பழையதாக இருக்கக்கூடாது. இதில் எங்களிடம் விட்டுக்கொடுப்பு இல்லை.

*கடைசியாக*

எங்கள் பக்கம் ஒரு காலத்தில் ரயில் இருந்தது. களனிவெளிப் பாதையின் கிளை 1903இல் எட்டியாந்தோட்டை வரை வந்தது, 1942இல் மூடினார்கள். 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் போன ரயிலும் 1976இல் நின்றது. தேயிலையும் றப்பரும் இறங்குவதற்குத் தண்டவாளம் போட்ட மலைக்கு இன்று ஆசிரியரும் நோயாளியும் ஏறி இறங்க ஒழுங்கான பஸ் இல்லை. அதனால்தான் இங்கே பைக் ஆடம்பரம் இல்லை. பாடசாலை மணியும், நள்ளிரவில் ஆஸ்பத்திரியும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவும், தைப்பொங்கலுக்கு வீடு போவதும் எல்லாம் அதன் சில்லில்தான். தோட்டப் பாதைக்கு நல்ல பஸ் சேவை கேட்பதை நாங்கள் நிறுத்தப் போவதில்லை. அது வரும்வரை, இவ்வளவு அவசியமான ஒன்றைக் கடனில் மாட்டாமல் வைத்திருப்பது நல்லது என்பதே எங்கள் கருத்து.

முடிவு தம்பியுடையதும் அவருடைய அம்மாவுடையதும். வரும் சனிக்கிழமை பாஸையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் இன்னொரு தரம் அந்த ஐயா வீட்டுக்குப் போகிறோம். இந்த முறை அம்மாவும் வருகிறார். "கொப்பிய நானும் பாக்கணும்" என்றாராம்.

அதிகம் ஓடிய பைக்கை வைத்து நன்றாக ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உங்கள் மீற்றர் இலக்கத்தைக் கமெண்டில் எழுதுங்கள். வாங்கிக் கஷ்டப்பட்டவர்களும் எழுதுங்கள், எதில் கஷ்டப்பட்டீர்கள் என்று சொன்னால் அடுத்தவருக்கு உதவும். தோட்டத்தில் புதிதாக நியமனம் பெற்றவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு இந்தப் பதிவை அனுப்பிவிடுங்கள்.

எல்லோருடைய பயணத்தையும் அல்லாஹ் பாதுகாப்பானதாக ஆக்குவானாக. மழைக்காலம், இறக்கத்தில் மெதுவாக வாருங்கள்.